உப்பு என்று நான் சொன்னது

எஸ்தர்,

நலமா என்று கேட்டுத்தான் எல்லோரும் கடிதம் ஆரம்பிக்கிறார்கள். நீ நலமாக இல்லை என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். மாப்பிள்ளை நேற்று கேரட் லோடு விஷயமாக மலைக்கு வந்திருந்தார். தோட்டக்காரர்களிடம் பேசி முடித்துவிட்டு மத்தியானம் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. என் குழம்பு அவ்வளவு மோசமா என்று எனக்குச் சுருக்கென்றது. கேட்டேவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. அவ உப்பையே கையால தொட மாட்டேங்கிறா. போன வாரம் செக்கப்புக்குப் போனப்ப, யூரின்ல லேசா உப்பு இருக்குன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. அன்னையில இருந்து சரியாச் சாப்பிடவும் மாட்டேங்கிறா, அழுதுகிட்டே கெடக்கா. என்னன்னு கேட்டா, எங்கப்பாவுக்கு நான் குடுத்த உப்பு இப்ப எனக்குள்ள வந்துருச்சுங்கிறா."

ரசக் கரண்டி என் கையிலேயே இருந்தது. மெல்ல மெல்ல மீதியையும் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவின் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தாயாம். அதனால்தான் அவருக்கு ரத்தத்தில் உப்பு ஏறியதாம், அதனால்தான் அவர் போனாராம். இதைக் கல்யாணமாகிப் போன வீட்டில், வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்து, புருஷனிடம் சொல்லி அழுதிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். அடிப் பைத்தியக்காரி, இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கம்பளிக்குள் படுத்தோமே, ஒரு நாள் வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். கோபம் அடங்கிய பிறகு வந்தது வேறு. நீ தட்டில் உப்பு வைத்துக்கொள்ளவே மாட்டாய், மாங்காய்க்குக்கூடத் தொட்டுக்கொள்ள மாட்டாய். என் மகள் நாக்கைக் கட்டினவள் என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். அதை நினைத்ததும் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளைதான் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நீ நிதானமாகப் படி. உன் அப்பா நீ கொடுத்த உப்பால் சாகவில்லை. இதைத் தாயாகச் சொல்லவில்லை. அவருடைய ரத்தத்தை என் கையால் எடுத்து, என் கையால் சோதித்தவளாகச் சொல்கிறேன்.

இந்தப் பாழாய்ப்போன வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்த புதிதில், எங்களுக்குப் படிப்பித்தபடியே எல்லோரிடமும் 'யூரியா கூடியிருக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெள்ளகவியிலிருந்து ஒரு விவசாயியை நாற்காலியில் வைத்து ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் தூணாக வீங்கியிருந்தன. ரத்தத்தைப் பார்த்துவிட்டு யூரியா அதிகம் என்றேன். அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னை முறைத்தார். யூரியா மூட்டையை நான் தொட்டதே இல்லை, எங்கள் ஊரில் சாணி எருதான், யார் உங்களிடம் இப்படிச் சொன்னது என்று கேட்டார். கூட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பயிருக்குப் போடுகிற யூரியாவை எவனோ அவருக்குச் சோற்றில் கலந்துவிட்டான் என்று ஒரு பங்காளிச் சண்டையே அங்கே மூளப் பார்த்தது. டாக்டரம்மா வந்து சமாதானம் செய்தார். அன்றிலிருந்து நான் யூரியா என்று சொல்வதை விட்டேன். யூரியாவுக்கும் உப்பு, கிரியாட்டினினுக்கும் உப்பு, சிறுநீரில் போகிற புரதத்துக்கும் உப்பு. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். கேட்கிறவர்களுக்குப் புரிந்த மாதிரி இருக்கும், எங்களுக்கும் சோலி முடியும். அந்த வார்த்தையைத்தான் நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா பண்ணைக்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஜீப் ஓட்டிய காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். வாழைத்தார், காப்பி மூட்டை, ஆள், கோழி எல்லாம் ஒரே வண்டியில் வரும். எனக்கு அவர் வைத்த பெயர் கொசு. ரத்தம் எடுக்கிற வேலை அல்லவா. 'எங்க வீட்டுக் கொசு வேலைக்குப் போயிருச்சா' என்று தெருவில் நின்று உன்னிடம் கேட்பார், நானும் கேட்கட்டும் என்று. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டார். குளிர் என்றார், பீடி என்றார், ராத்திரி தூக்கமில்லை என்றார். நான் விடவில்லை, கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் எத்தனையோ வருஷமாக யாரும் பார்க்காமல் ஏறிக் கிடந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தது. ரத்தத்தையும் பார்த்துவிடு என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார்.

எங்கள் லேபில் அப்போது பெரிய மெஷின் ஒன்றும் கிடையாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்கும், அதற்குள் கண்ணாடிக் குழாய்களை நிறுத்துவோம். யூரியாவுக்கு இளஞ்சிவப்பு வரும், கிரியாட்டினினுக்குக் கொதிக்க வைக்காமலே ஆரஞ்சு. சரக்கு கூடக் கூட நிறம் அழுத்தமாகும். பிறகு மீட்டரில் வைத்து எண்ணைப் படிப்போம். வருஷக்கணக்காகப் பார்த்தவளுக்கு மீட்டர் தேவையில்லை, குழாயை வெளியே எடுக்கும்போதே தெரிந்துவிடும். அன்றைக்கு வரிசையில் ஒரு குழாய் மட்டும் தனியாகத் தெரிந்தது. யாருடையது என்று ஒட்டிய சீட்டைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மலை உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதிப்பில் கீழே மதுரையில் இருக்கிற சூடு இராது. அதில் ஏதோ கோளாறு, ஸ்டவ் சரியாக எரியவில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வைத்தேன். சூடு போதாவிட்டால் நிறம் வெளிறிப்போகுமே தவிர அழுத்தமாகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஸ்டவ்வைக் குறை சொல்லிக்கொண்டு நின்றேன். மதுரைக்கும் ஒரு குழாய் ரத்தம் ஐஸ் வைத்த பிளாஸ்கில் பஸ்ஸில் போனது. அங்கிருந்தும் அதே எண்தான் வந்தது.

எண் என்றால் என்ன என்று உனக்கு ஒரு தடவையாவது நான் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். நாம் தின்கிற சோறும் பருப்பும் கறியும் உடம்பில் வெந்து தீர்ந்தபின் மிஞ்சுகிற கழிவுதான் யூரியா. தசை தேய்வதில் வருகிற கழிவு கிரியாட்டினின். அவற்றை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. முற்றத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் தண்ணீர் மேல் குற்றமில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்றுதானே பார்ப்போம்? எவ்வளவு தேங்குகிறது என்பதை வைத்து எவ்வளவு அடைத்திருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான் அந்த எண். சமையலறையில் இருக்கிற உப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ ஒரு மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றினாலும் என் குழாயில் அந்த நிறம் வராது.

ஆனால் அந்த எண் வேறொன்றும் சொல்லும், அதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. மூச்சுத் திணறலோடு வருகிற எத்தனையோ பேருக்கு நான் ரத்தம் எடுத்திருக்கிறேன். இதயம் மட்டும் களைத்தவர்கள் மருந்தில் தேறி, அடுத்த மாதம் தாங்களாகவே நடந்து வந்து கையை நீட்டுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். இதயமும் களைத்து இந்த எண்ணும் சேர்ந்து ஏறியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் அழுத்தமாகும், ரத்தம் கொஞ்சம் வெளுக்கும், பிறகு ஒரு மாதம் வர மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று நான் விசாரிப்பதில்லை. அப்படித் தெரிந்துகொண்ட பாடம் அது. வேறு யாருக்காவது இருந்தால் டாக்டரம்மா மேஜையில் சீட்டை வைத்துவிட்டு அடுத்த குழாயைக் கழுவப் போயிருப்பேன். அன்றைக்கு அந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்து, உங்கள் இரண்டு பேருக்கும் காப்பி போட்டேன். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டார். உப்பு கொஞ்சம் கூடியிருக்கு, குறைத்தால் சரியாகிவிடும் என்றேன். நீ தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய்.

உப்பைக் குறைக்கச் சொன்னது உண்மைதான். அது வீக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும். அன்றே உப்பு ஜாடியைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், உன் கைக்கும் எட்டாது, படுக்கையிலிருந்து எழுந்து வந்தாலும் அவரால் கையைத் தூக்கி எடுக்க முடியாது. நம் மூன்று பேருக்கும் ஒரே உப்பில்லாத சமையல். மொச்சைக் குழம்பும் கருவாடுமாக ஜீப் ஸ்டாண்டில் தின்று வளர்ந்த நாக்கு அது. பட்ட பாட்டைப் பார்க்க முடியாது. 'கொசு ரத்தத்த மட்டும்தான் உறிஞ்சும்னு நெனச்சேன், வாய் ருசியையும் சேத்து உறிஞ்சுது' என்பார். முதலில் கால் வீக்கம் வடிந்தது. நீ போய் அவர் காலை அமுக்கிப் பார்த்து, குழி விழவில்லை என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். அதைப் பார்த்துத்தான் உனக்கு எல்லாம் உறுதியாகியிருக்கும், உப்பை நிறுத்தினால் அப்பா பிழைப்பார் என்று. ஆனால் எண் இறங்கவில்லை. கால் மெலிந்தது, குழாயின் நிறம் மட்டும் அழுத்தமாகிக்கொண்டே போனது. சிறுநீரகம் மாற்றி வைக்கிற ஊர் இருக்கிறதே என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். அந்த அறுவையை இவர் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

பிறகு மழைக்காலத்தில் அவர் போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எப்படி, என்ன என்று கேட்டார்கள். உப்பு ஏறிப்போச்சு, உப்பு ஏறிப்போச்சு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். வேறு பேச எனக்குத் தெம்பில்லை. நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாய். வீட்டில் யாருமே உப்புச் சேர்க்காதபோது உப்பு எப்படி ஏறியது என்று நீ உனக்குள்ளேயே கணக்குப் போட்டிருக்கிறாய். விடை உன் கையாக இருந்திருக்கிறது. நேற்றிலிருந்து எனக்கு அந்த ஒன்பது வயது முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு உன்னைத் தனியாகக் கூட்டிப்போய் மடியில் உட்கார வைத்திருந்தால் போதுமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இப்போது உன் வயிற்றுப் பிள்ளை விஷயம். உன் சிறுநீரில் இருப்பதாக நர்ஸம்மா சொன்ன உப்பு, சமையல் உப்பும் இல்லை, ரத்தத்தில் தேங்குகிற அந்தக் கழிவும் இல்லை. அது புரதம். குழாயில் சிறுநீரை ஊற்றிச் சூடு காட்டினால் முட்டையின் வெள்ளைக்கரு வெந்த மாதிரி கலங்கும், அதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். நீ யாருக்கும் எப்போதோ கொடுத்தது உனக்குள் வரவில்லை. ஆனால் இது விளையாட்டும் இல்லை, உன்னிடம் பூசி மெழுகப் போவதில்லை. ஏழாம் மாதத்தில் இது வந்தால் ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். தலைவலி விடாமல் இருந்தாலும், கண் மங்கினாலும், முகமோ கையோ வீங்கினாலும் ஒரு நிமிஷமும் பொறுக்காதே, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். பட்டினி கிடக்கக் கூடாது, பருப்பும் முட்டையும் சாப்பிட வேண்டும், சோற்றில் உப்பு அளவாக இருந்தால் போதும், அறவே ஒழிக்க வேண்டியதில்லை என்றார். தலைப்பிரசவத்துக்கு எப்படியும் இங்கே வரப்போகிறவள்தானே, முன்னாலேயே வந்துவிடு. உன் ரத்தத்தையும் நான்தான் பார்ப்பேன். எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நானே பார்ப்பேன்.

இனி, மாப்பிள்ளையிடம்கூட நேற்று நான் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நீ உப்புக் கொடுத்தது எனக்குத் தெரியும். அப்போதே தெரியும்.

கடைசியாக நான் எடுத்த ரத்தத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சீட்டை மடித்து என் கையிலேயே கொடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார், "இனிமே பத்தியம் வேண்டாம்மா. அவர் வாய் என்ன கேக்குதோ குடு." இது எதைச் சொல்கிற வார்த்தை என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தேன். கஞ்சி காய்ச்சினேன். உப்பை அள்ளிப் போடக் கை போனது, போடவில்லை. ஏன் தெரியுமா? அதுவரை உப்புக் கேட்டால் நான் சண்டைக்குப் போவேன். அந்தச் சண்டை நடக்கிற வரைக்கும்தான் அவருக்கு நம்பிக்கை, கொசு இப்படிக் கத்துகிறாள் என்றால் நான் பிழைக்கப் போகிறேன் என்று. நானே ஒரு நாள் உப்புப் போட்ட கஞ்சியைக் கொண்டுபோய் நீட்டினால், ஒரு வாய் வைத்ததுமே அவருக்கு எண் தெரிந்துவிடும். அதை என் கையால் எப்படிச் சொல்வேன்? அதனால் உப்பில்லாத கஞ்சியையே மூடி வைத்தேன். மேல்தட்டிலிருந்த உப்பு ஜாடியை இறக்கி, கீழ்த்தட்டில், உன் கைக்கு நேராக வைத்தேன். சாயங்காலம் நான் லேபில் இருப்பேன், கஞ்சி கொடுப்பது நீ, அவர் உன்னிடம் கேட்பார், நீ மறுக்க மாட்டாய். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் வைத்தேன். அம்மா மறந்து கீழே வைத்துவிட்டாள் என்றுதானே நீ நினைத்தாய்?

நாளுக்கு நாள் ஜாடியில் உப்பு இறங்கும். விரிப்பை உதறினால் ஒரு கல் உப்பு தரையில் விழும், நான் காலால் தள்ளிவிடுவேன். ஒரு நாள் வெள்ளனே வேலை முடிந்து வந்துவிட்டேன். மூடுபனி வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது. கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே உங்கள் இரண்டு பேரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனையோ மாதமாக அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "இன்னும் ரெண்டு கல்லு போடு பாப்பா. அம்மாகிட்ட சொல்லிறாத, என்ன?" நீ சொன்னாய், "சாமி சத்தியமா சொல்ல மாட்டேன்ப்பா." நான் உள்ளே போகவில்லை. அவர் குடித்து முடித்து, நீ கிண்ணத்தைக் கழுவுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அந்தப் பனியிலேயே நின்றேன். பிறகு குடையைச் சுவரில் தட்டிச் சத்தம் காட்டிவிட்டு நுழைந்தேன், உப்புக் கேட்டாரா என்று வழக்கம்போல அதட்டினேன். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்தீர்கள். அவருக்கு நான் தந்த கடைசிச் சந்தோஷம் அதுதான் எஸ்தர், அதையும் உன் கையால்தான் தர முடிந்தது.

சொல்ல மாட்டேன் என்றாய், இன்றுவரை என்னிடம் சொல்லவே இல்லை. அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தையை இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டாய். போதும் பாப்பா, இறக்கி வை. அந்த ஜாடி இன்னும் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது, நான் மாற்றி வைக்கவில்லை. வெரசா கிளம்பி வா, கஞ்சி காய்ச்சித் தருகிறேன். உப்பை நான் போடுகிறேன்.

உன் அம்மா